முக்குளிப்பான் விழுங்கிய இறகு

உலகப்பனுக்கு அறுபது வயது. அவருடைய குருவுக்கு நாற்பதுதான். ஏரிக்கரை மடத்தில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

அன்று காலை உலகப்பனின் தங்கை செல்லக்கிளி வெற்றிலைத் தட்டோடு மடத்து வாசலில் வந்து நின்றாள். அவள் வந்த காரியத்தைக் கேட்டதும் உலகப்பன் பின்கதவு வழியாக ஏரிக்கு இறங்கிவிட்டார். குரு அங்கே பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“சாமி, துறவிக்கு உறவு கிடையாதுன்னு சொல்லி அவளை அனுப்பிடுங்க.”

“என்ன விஷயம்?”

“நாளைக்கு அவ மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாம மணையில உட்கார மாட்டேன்னு அந்தப் பிள்ளை அழுவுதாம்.”

“போடுங்களேன்.”

“அவ புருஷன் தவசி நிக்கிற பந்தலிலா? பத்து வருஷத்துக்கு முன்னால, இலையில சோறு விழுந்த பிறகு என்னை எழுப்பிவிட்டான் சாமி. யாரோ பெரிய மனுஷன் வந்துட்டாராம். பிசைஞ்ச சோறு கையில. அப்படியே எழுந்து வந்தேன்.”

“இன்னும் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க.”

உலகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆம்பல் இலைகளுக்கு நடுவே ஒரு முக்குளிப்பான் மிதந்தது. புறாவைவிடச் சிறிய நீர்ப்பறவை. இவர்களைக் கண்டதும் அலை எழாமல் முங்கிவிட்டது.

“ஆளைக் கண்டா முங்குறதைப் பாருங்க, சாமி.”

“உங்களுக்குத் தெரியாத வித்தையா?”

பறவை வேறோர் இடத்தில் எழுந்தது. அலகில் கெண்டைக் குஞ்சு. தலைப்பக்கமாகத் திருப்பி முழுசாக விழுங்கியது. பிறகு தன் நெஞ்சிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி, அதையும் விழுங்கியது.

உலகப்பன் சிரித்தார். “கிறுக்குப் பய பறவை! மீன் இருக்கும்போது இறகைத் தின்னுது.”

குரு படியில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. பறவை பல தடவை முங்கியது, பல மீன் தின்றது, நடுநடுவே இறகும் தின்றது. கடைசியில் கரையோரம் வந்து கழுத்தை நீட்டிக் குலுக்கி, ஓர் இலைமேல் எதையோ கக்கிவிட்டுப் போனது.

குரு முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை எடுத்துவந்து நகத்தால் பிரித்தார். ஈர இறகுச் சுருள். உள்ளே மீன்முள்.

“சதை செரிச்சுப்போச்சு. முள் செரிக்காது. சும்மா விட்டா குடலைக் கிழிக்கும். அதான் இறகால சுத்திக் கக்குது.”

உலகப்பன் முள்ளைத் தொட்டுப் பார்த்தார். கூர் மழுங்கவே இல்லை.

“தவசி செஞ்சதும் முள்தானே சாமி?”

“முள்தான்.”

“அதை மறக்கச் சொல்றீங்களா?”

“முள்ளைச் செரிக்கச் சொல்லலையே.”

“அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

“விழுங்கின மீன் திரும்பி வந்து முள்ளை எடுத்துக்கிட்டுப் போகுமா?”

உலகப்பன் சுருளிலிருந்த ஈர இறகை விரலால் நீவினார்.

“நெஞ்சு இறகைப் பிடுங்கினா வலிக்காதா?”

“வலிக்கும்.”

மடத்துப் பக்கமிருந்து செல்லக்கிளியின் குரல் கேட்டது. “அண்ணே! நான் போகட்டுமா, இருக்கட்டுமா?”

உலகப்பன் எழுந்தார். இரண்டு படி ஏறி நின்றார்.

“நாளைக்கும் அவன் பந்தியில எழுப்பிவிட்டா?”

“எழுந்திருங்க,” என்றார் குரு. “அடுத்த பந்தியில உட்காருங்க.”