கர்சீப் வாங்க வந்த செண்பகவல்லி

தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பொன்னுச்சாமி அண்ணாச்சி, கடைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்: ‘கஸ்டமர் முன்னால் யாரும் உட்காரக் கூடாது.’ காலை ஒன்பது மணியிலிருந்து கஸ்டமர் வந்துகொண்டே இருந்ததால், சேலை எடுத்துப்போடும் செண்பகவல்லிக்குக் கால் வீங்கிப்போனது.

“அண்ணாச்சி, எங்களுக்கும் ஸ்டூல் போடுங்க,” என்றாள்.

கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார். “இந்தக் கடைக்குள்ள நீ ஒரு நாள் உட்கார்ந்து காட்டு. அத்தனை பேருக்கும் ஸ்டூல் போடுதேன்.”

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார லீவு. இருந்த ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே வந்து, கஸ்டமருக்குப் போட்டிருந்த குஷன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, எந்திரி!” என்று கத்தினார் அண்ணாச்சி.

“கர்சீப் எடுக்க வந்திருக்கேன் அண்ணாச்சி. இன்னைக்கு நான் கஸ்டமர்.”

சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அண்ணாச்சி குரலைத் தணித்தார். “சரி, என்ன கலர் வேணும்?”

“அதை மெதுவாச் சொல்லுதேன். மொதல்ல நீங்க எந்திரிங்க,” என்று சுவரைக் காட்டினாள்.

அண்ணாச்சி எழுந்தார். அவள் வெள்ளை கர்சீப் ஒன்றை எடுத்து முடிக்கும்போது மணி இரண்டு. ஸ்டூலுக்கு அண்ணாச்சி ஒன்றரைக்கே போன் போட்டுவிட்டார், நின்றபடியே.