தார்ப்பாயை முகர்ந்த குட்டி

தும்பை ஓடியது. பின்னால் விழுந்தது ஒரு காய்ந்த பனையோலைதான். ஆனால் விழுந்த சத்தம் இன்னும் அந்தக் குதிரைக்குட்டியின் காதுக்குள் இருந்தது. கால்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. முட்புதர் வரை ஓடி, மார்பைக் கிழித்துக்கொண்ட பிறகே நின்றது.

அதற்குள் அம்மா செவலை வந்துவிட்டது. கூட்டத்தின் மற்றக் குதிரைகளும் வந்தன. எல்லாம் குட்டியைச் சுற்றி வளையமாக நின்றுகொண்டன.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லை. பாக்காதே."

"ஒண்ணுமில்லாததை ஏன் பாக்கக் கூடாது?"

செவலை இன்னும் நெருக்கி நின்றது.

கடலோரக் காட்டு மட்டக்குதிரைகளின் வழக்கம் அது. முதல் கோடை முடியும்வரை குட்டியின் கண்ணில் குதிரைகளைத் தவிர வேறெதுவும் படக் கூடாது. செவலையும் அப்படித்தான் வளர்ந்தது. தும்பைக்கு உலகம் என்பது வயிறுகளும் வால்களும், அவற்றுக்கு நடுவில் தெரியும் கொஞ்சம் வெளிச்சமும்தான்.

புதருக்குள்ளிருந்து இதையெல்லாம் ஒரு நரி பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் மனைவி.

"ஓலை விழுந்ததுக்கே இந்த ஓட்டம்," என்றது நரி. "காட்டுக் குளம் வத்திக்கிட்டு வருது. சீக்கிரமே இவங்க உப்பளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்துக் குளத்துக்குப் போகணும். உப்பளத்து வரப்பு ஒரு குதிரை அகலம்தான். ரெண்டு பக்கமும் சேறு. அங்கே வச்சுக் குட்டியைப் பயமுறுத்தினா?"

"சேத்துல குதிக்கும். மாட்டிக்கும். ஏங்க, ஈரல் எனக்கு."

"இரு. எதைக் கண்டா எந்தப் பக்கம் ஓடுதுன்னு முதல்ல பாக்கணும். ஒத்திகை இல்லாம நான் எதையும் செய்யறதில்லை."

"தெரியுமே. போன வருஷம் ஆமை முட்டைக்கு ஒத்திகை பாத்தீங்க. குஞ்செல்லாம் பொரிச்சுக் கடலுக்கே போயிடுச்சு."

நரி அதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் குதிரைகள் நின்றபடியே உறங்கின. வளையத்தில் ஓர் இடைவெளி விழுந்தது. தும்பை அதன் வழியாக மூக்கை வெளியே நீட்டியது. நரி இதற்காகத்தான் காத்திருந்தது. உப்பளத்திலிருந்து இழுத்து வந்த கிழிந்த தார்ப்பாயைப் பல்லில் கவ்வி உதறியது. நீலமாக எதுவோ எழுந்து படபடத்தது. தும்பை ஓடிப்போய் அம்மாவின் அடிவயிற்றில் முட்டியது.

அன்றிலிருந்து நரி தினமும் வந்தது. ஒருநாள் புதருக்குள்ளிருந்து தகர டின்னை உருட்டியது. ஒருநாள் ஊளையிட்டது. மற்ற நாளெல்லாம் தார்ப்பாய். தும்பை தினமும் ஓடியது. ஆனால் ஓடி முடித்ததும் திரும்பிப் பார்த்தது. நீலம் துரத்தி வரவில்லை. காற்று புகுந்தால் நிறைந்து எழுந்தது. காற்று போனால் படுத்துக்கொண்டது. வானத்தில் ஒரு துண்டு தரைக்கு வந்து மூச்சு விடுவதுபோல் இருந்தது. குட்டியின் பயத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்குக் குட்டியிடம் பெயரில்லை.

"ஏங்க, முன்னெல்லாம் அம்மாகிட்டே போய்த்தான் நிக்கும்," என்றது நரியின் மனைவி. "இன்னைக்குப் பாதியிலேயே நின்னு பாக்குது."

"களைச்சுப் போச்சு. அவ்வளவு பயம்."

"அப்புறம் ஏன் ரெண்டு அடி முன்னால வந்துச்சு?"

"பயத்துல திசை தெரியலை. நீ பேசாம டின்னை உருட்டு."

குளம் வற்றி அடிமண் வெடித்தது. விடியும் நேரத்தில் குதிரைக்கூட்டம் கிளம்பியது. செவலை முன்னால் நடந்தது. வரப்பில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடிந்தது. வளையம் போட இடமில்லை.

"என் வாலை மட்டும் பாரு," என்றது செவலை. "வேறெங்கேயும் பாக்காதே."

தும்பை பார்த்தது. இருபுறமும் பாத்திகளில் வானம் படுத்திருந்தது. உப்புக் குவியல்கள் முதல் வெயிலில் கண்ணைப் பறித்தன. தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஒன்று மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே இருந்தது. தும்பை நின்றது. காதுகளை அந்தப் பக்கம் திருப்பியது. பிறகு நடந்தது.

வரப்பின் நடுவில் நரி வந்து நின்றது. தார்ப்பாயை உதறியது. கடற்காற்று அதை வரப்பின் அகலத்துக்கு விரித்தது.

செவலை மிரண்டு முன்னங்கால்களைத் தூக்கியது. எதையும் பார்க்காமல் வளர்ந்த குதிரைதானே அதுவும். பின்னால் வந்தவை முட்டி நெருக்கின. செவலையின் பின்னங்கால் ஒன்று சறுக்கி, முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. இன்னும் ஒரு முட்டு விழுந்தால் மற்றக் காலும் இறங்கிவிடும்.

"அம்மா, அது துரத்தாது," என்றது தும்பை. "காத்துக்கு ஆடும். அவ்வளவுதான்."

"பின்னால போ!"

தும்பை போகவில்லை. அம்மாவின் அடிவயிற்றுக்குக் கீழே நுழைந்து முன்னால் வந்தது. பயத்தோடே ஓர் அடி வைத்தது, நின்றது, இன்னோர் அடி வைத்தது. நீலத்தை இவ்வளவு கிட்டத்தில் அது பார்த்ததில்லை. மூக்கை நீட்டி முகர்ந்தது. உப்பும் எண்ணெயும் மணந்தன. மெதுவாக அதன்மேல் குளம்பை வைத்தது.

நரி இழுத்தது. பாய் வரவில்லை.

"மாமா, தினமும் இதைக் காட்டினது நீங்கதானா?" என்று கேட்டது தும்பை. "ரொம்ப அழகா இருந்துச்சு."

கேட்டுக்கொண்டே குளம்பை எடுத்தது. முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்த நரி மல்லாக்கப் புரண்டது. காற்று பாயைத் தூக்கி அதன்மேல் போர்த்தியது. இத்தனை நாளும் நரி அந்தப் பாயை வெளியிலிருந்துதான் அறியும். உள்ளே இருட்டாக இருந்தது. எல்லாப் பக்கமும் படபடத்தது. நரி அலறிக்கொண்டு பாயோடு சேற்றில் குதித்தது.

"ஏங்க, பயப்படாதீங்க," என்றது உப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து அதன் மனைவி. "அது நம்ம பாய்தான்."

மற்றக் குதிரைகள் நெருக்குவதை நிறுத்தின. செவலை காலைச் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டது. தும்பை முன்னால் நடக்க, கூட்டம் அதன் பின்னால் போயிற்று.

அச்சம் தருவதைப் பிள்ளைகளின் கண்ணிலிருந்து மறைப்பவர்கள் அச்சத்தைத்தான் வளர்க்கிறார்கள். நின்று பார்க்க விட்டால் அது பழகிப்போகும்.

அந்தப் பக்கத்துக் குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. அவ்வளவு பூநாரைகள். குதிரைகளைக் கண்டதும் எல்லாம் சேர்ந்து எழுந்தன. குளமே கரையை விட்டுக் கிளம்பியதுபோல் வானத்தை இளஞ்சிவப்பு மூடியது. இறக்கைகளின் சத்தம் மார்புக்குள் அடித்தது. செவலை பழக்கத்தில் குட்டியை மறைத்து நின்றது. பிறகு ஓர் அடி விலகிக்கொண்டது.