வதனிக்குக் கொடுத்த கொழுக்கட்டை

கேட்பவர்களே, இந்தக் கதைக்கு நான் தீர்ப்பு சொல்வதற்கு முன் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும். அதனால் யார் என்ன செய்தார்கள் என்பதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரையில் அங்கயற்கண்ணி என்றொரு பெண். நான்காம் வகுப்பில் படிக்கும் மதிவதனி அவளுக்கு ஒரே மகள். வதனிக்குக் கோதுமை ஆகாது. பிடிக்காது என்பதில்லை, உடம்பு ஏற்காது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். போன வருடம் யாரோ கொடுத்த கேக்கில் ஒரு விள்ளல் தின்றுவிட்டுச் சுருண்டு விழுந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே, பள்ளிக்கூடத்திலிருந்தோ என்று அங்கயற்கண்ணிக்குத் தூக்கிவாரிப் போடும்.

வதனியின் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து எல்லோருக்கும் தின்பண்டம் வரும். சமோசா வரும், கேக் வரும், பப்ஸ் வரும். அப்போதெல்லாம் வதனி தன் டப்பாவைத் திறந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். அவளோடு போய் உட்காருகிறவள் ரெஜினா ஒருத்திதான். வதனி சாப்பிட்டு முடிக்கும்வரை தன் பங்குச் சமோசாவைக் கடிக்காமல் காத்திருப்பாள்.

இந்த வெள்ளிக்கிழமை வதனி வீட்டு முறை. "அம்மா, எல்லாரும் சாப்பிடுறதையே நானும் சாப்பிடணும். ஒரே பாத்திரத்துல இருந்து" என்றாள் மகள். தாய் சரி என்றுவிட்டாள். சொன்ன நேரத்திலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடை மாவை நம்பாமல் பச்சரிசியை ஊறவைத்து உலர்த்தி, வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலித்தாள். அந்த வகுப்பில் ரிஸ்வான் என்றொரு பையன் மஞ்சள் காமாலையிலிருந்து தேறி வந்திருந்தான். எண்ணெய், நெய் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனும் சாப்பிட வேண்டுமே என்று நெய்யும் தேங்காயும் சேர்க்காமல், வெந்த பாசிப்பருப்பில் வெல்லமும் ஏலக்காயும் போட்டுப் பூரணம் கிளறினாள். பூரணம் வைத்து மூடி, ஆவியில் வேகவைத்தால் கொழுக்கட்டை. வேலை என்னவோ சுலபம்தான். பயம்தான் அவளை வாட்டியது. கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

மதியச் சாப்பாடு முடியும் நேரத்தில் தூக்குவாளியோடு வகுப்புக்குப் போனாள். "நீங்க கிளம்புங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றார் வகுப்பாசிரியை பியூலா மிஸ். அங்கயற்கண்ணிக்குப் போக மனம் வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"மிஸ், நான் குடுக்கிறேன் மிஸ்!" என்று ரெஜினா சப்பாத்தி தின்ற கையோடு ஓடிவந்தாள். மிஸ் தலையசைத்தார். அவள் வாளிக்குள் கைவிட்டு முதல் கொழுக்கட்டையை எடுத்து வதனியிடம் நீட்டினாள். அவள் விரல்களில் சப்பாத்தித் துணுக்குகள் ஒட்டியிருந்ததை வாசலில் நின்றவள் கண்டாள். அதற்குள் மகளின் கை வாய்க்குப் போய்விட்டது, கன்னமும் அசைந்தது.

"துப்பு! துப்புடி!" என்று அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். ரெஜினாவின் பக்கம் திரும்பி, "கழுவாத கையால குடுக்கிறியே, அவளைக் கொல்லப் பாக்குறியா?" என்றாள்.

வதனி வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. கைக்குள் கொழுக்கட்டை முழுசாக இருந்தது.

"நான் சாப்பிடலைம்மா. அவ கையைப் பாத்தேன். வேணாம்னா ரெஜினா வருத்தப்படுவா. அதான் சாப்பிடுற மாதிரி நடிச்சேன்" என்று தாயின் காதருகே சொன்னாள்.

பியூலா மிஸ் வாளியை வாங்கி மூடினார். "உள்ள கை பட்டிருச்சு. இனி இதை வதனி சாப்பிட முடியாது. அவ சாப்பிட முடியாததை இன்னைக்கு யாரும் சாப்பிட வேணாம்."

கையை நீட்டிக்கொண்டிருந்த ரிஸ்வான் மெதுவாக மடக்கிக்கொண்டான். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், "எல்லாம் வதனியாலதான்" என்றது. வதனி தலையைக் குனிந்துகொண்டாள்.

தோழியின் மனம் நோகக் கூடாதென்று மகள் மறைத்தாள். மகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று தாய் கத்தினாள். ஒருத்தி மட்டும் ஒதுங்கி உட்காரக் கூடாதென்று ஆசிரியை யாருக்கும் இல்லையென்றார். இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தாய் செய்ததே சரி. மகளின் நடிப்பில் பாசம் இருந்தது. ஆனால் கழுவாத கை என்ன செய்யும் என்று ரெஜினாவுக்குத் தெரியாமலே போயிருக்கும், அதே கை இன்னொரு நாளும் நீண்டிருக்கும். ஆசிரியை எல்லோரையும் சமமாக நடத்தினார் என்றாலும், பழி ஒரு பிள்ளையின் தலையில் விழுந்தது. ஆபத்தை ஆபத்தென்று முதலில் வாய்விட்டுச் சொன்னவள் தாய்தான். தடுத்தது சரி, சொன்ன சொல் தப்பு. அது அவளுக்கே தெரிந்ததால்தான் பள்ளி விடும்வரை கேட்டுக்கு வெளியே நடைபோட்டுக்கொண்டிருந்தாள். ரெஜினா வந்ததும், "உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா, பயந்துட்டேன்" என்றாள். ரெஜினா அழவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை சிவந்திருந்தது. "இப்ப சரியா இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். செய்தது சரி என்று நாம் தீர்ப்புச் சொன்ன அந்தத் தாய், சிவந்த அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.