பச்சை அடித்த சரிவு

கல்லைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியை இருந்தார். பெயர் கோதைநாயகி. ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் பின்கோடியில் இருந்த மாநில நிலவியல் ஆய்வகத்துக்குப் பதினோரு ஆண்டுகள் இயக்குநர். எங்கே கிணறு வெட்டலாம், எங்கே அணை கட்டலாம், எந்த மலைச்சரிவில் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கத்துக்குச் சொல்வது அந்த ஆய்வகத்தின் வேலை.

இன்னாசிமுத்து அவரிடம் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தவர். இப்போது நாற்பத்தொன்பது வயது, துணை இயக்குநர், முன்தலை வழுக்கை. ஆனாலும் கோதைநாயகியின் அறைக்குள் நுழையும்போது சட்டைப் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை கோதைநாயகிக்குப் பிரிவு உபசாரம். பதவியை விட்டுவிட்டு வகுப்புக்கே திரும்புகிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து அந்த நாற்காலி இன்னாசிமுத்துவுக்கு.

புதன்கிழமை காலை அவர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“இந்த நாற்காலியில உக்காருறவன் முதல்ல என்ன செய்யணும்?”

“டீயைக் குடிக்கணும். ஆறுது பாரு.”

குடித்தார். பாதி டீ தட்டில் சிந்தியது.

“ஒரு வாரத்துக்கு மேல நீ சரியாச் சாப்பிடலைன்னு கேன்டீன்காரர் சொல்றார்,” என்றார் கோதைநாயகி. “இன்னாசி, என்னத்தை ஒளிச்சு வச்சிருக்க?”

அவரால் அந்த அம்மாளிடம் எப்போதும் எதையும் மறைக்க முடிந்ததில்லை. எழுந்து போய்த் தன் மேசையைத் திறந்து ஒரு வரைபடத்தை எடுத்து வந்தார். விரித்து வைத்தார். தலையை நிமிர்த்தவில்லை.

தவிட்டுப்பாறை என்ற மலைச்சரிவின் வரைபடம் அது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் கோதைநாயகியே வரைந்தது. அபாயமான சரிவுக்குச் சிவப்பு, பாதுகாப்பானதற்குப் பச்சை. தவிட்டுப்பாறைக்குப் பச்சை அடித்திருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் மூடிப்போன தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர்களுக்கு அங்கே அரசாங்கம் பட்டா கொடுத்தது. நாற்பத்திரண்டு வீடுகள்.

“போன மாசம் அந்தப் பக்கம் போனேன் மேடம். மேல் பாதி முழுக்கப் பழைய மண்சரிவு. எந்தக் காலத்துலயோ மேலேர்ந்து வந்து விழுந்து தங்கின மண்ணு. பெரிய மழை ஒண்ணு நின்னு பெஞ்சா மறுபடி கிளம்பிடும்.”

கோதைநாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எப்ப கண்டுபிடிச்ச?”

“உறுதியாத் தெரிஞ்சு ஒம்பது நாள் ஆச்சு. வெள்ளிக்கிழமை முடியட்டும்னு... உங்க விழா அன்னிக்கு யாரும் இதைப் பேசக்கூடாதுன்னு...”

“மழைக்கு எத்தனை நாள் இருக்கு?”

“ஏழு வாரம்.”

“ஜீப்பை எடுக்கச் சொல்லு.”

மலை ஏற ஐந்து மணி நேரம் ஆனது. வழியில் அவர் திட்டுவார் என்று இன்னாசிமுத்து காத்திருந்தார். அவர் திட்டவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இவருக்குத் தலைசுற்றும் என்பது நினைவிருந்து, பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தவிட்டுப்பாறையில் இறங்கி, வீடுகளைத் தாண்டி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோதைநாயகி மேலே ஏறினார். மண் வெட்டுப்பட்ட ஓர் இடத்தில் சுத்தியலால் கொத்தினார். இருந்த இடத்திலேயே மக்கிய பாறையென்றால் உள்ளே வரிவரியாக இருக்கும். இங்கே வரியே இல்லை. முனை மழுங்காத கற்களும் செம்மண்ணும் பிசைந்துபோட்டதுபோல் கலந்து கிடந்தன. இன்னும் மூன்று இடங்களில் கொத்தினார். அதே கதைதான்.

“நீ சொன்னது சரி,” என்றார். மூச்சு வாங்கியது. “அன்னிக்கு மழை பிடிச்சுக்கிச்சு. டிரைவருக்குக் காய்ச்சல் வேற. நான் பாதியிலயே நின்னு, கீழ இருந்த பாறையைப் பார்த்துட்டு, மேலயும் அப்படித்தான் இருக்கும்னு பச்சை அடிச்சேன்.”

இன்னாசிமுத்துவுக்குப் பாறை பார்க்கக் கற்றுக்கொடுத்தபோது இதே வாய் சொன்னது: கால் படாத இடத்துக்குக் கலர் அடிக்காதே.

ரேஷன் கடை முன்னால் ஆட்கள் கூடினார்கள். இன்னாசிமுத்து முன்னால் வந்தார். வரும் வழியெல்லாம் மனசுக்குள் எழுதி வைத்திருந்த வாசகம் ஒன்று இருந்தது. ‘புதிய ஆய்வின்படி’ என்று அது தொடங்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் கோதைநாயகி பேசிவிட்டார்.

“இந்த இடம் பத்திரம்னு படம் போட்டுக் கொடுத்தது நான்தான். தப்பாப் போட்டுட்டேன். மேல ஏறிப் பார்த்திருக்கணும், பார்க்கலை. மழைக்கு முன்னால நீங்க எல்லாரும் இறங்கிடணும்.”

மூக்கம்மா என்ற பெண் முன்னால் வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் விரல்கள், நுனியெல்லாம் கறுத்திருந்தன.

“பதினேழு வருசம்மா. ஒங்க பேச்சை நம்பித்தான் இங்க படுத்து எந்திரிச்சோம். எம் மகளுக்கு இங்கதான் பிரசவம் பார்த்தேன். இப்ப வந்து தப்புங்கிறீங்க?”

“ஆமா.”

“இன்னிக்குச் சொல்றது மட்டும் தப்பில்லைன்னு எப்படி நம்புறது?”

“இன்னிக்கு மேல ஏறிப் பார்த்துட்டு வந்தேன். கூட வாங்க, காட்டுறேன்.”

மூக்கம்மா வைதாள். கெட்ட வார்த்தையும் வந்தது. கோதைநாயகி கைகளைக் கட்டிக்கொள்ளாமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் வைது முடித்த பிறகு, அவளையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தச் சரிவில் ஏறினார்.

இறங்கும்போது ஜீப்பில் இன்னாசிமுத்து கேட்டார்.

“டிரைவருக்குக் காய்ச்சல்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்?”

“காய்ச்சல் வந்தது அவருக்கு. பச்சை அடிச்சது நான்.”

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. துணைவேந்தர் சால்வை போர்த்தினார். ஏற்புரையில் கோதைநாயகி தவிட்டுப்பாறையைப் பற்றி மட்டும் பேசினார். பலருக்குச் சங்கடமாக இருந்தது. மறுநாள் பத்திரிகையில் அது வந்தது, விழா வரவில்லை. அதைப் படித்துவிட்டுக் கலெக்டரே போன் செய்தார். நான்கு வாரத்தில் நாற்பத்திரண்டு குடும்பங்களும் கீழே பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இறங்கின. புது இயக்குநர் இன்னாசிமுத்து மண் நகர்ந்தால் தெரியட்டும் என்று சரிவின் குறுக்கே நேர்கோட்டில் இருபது இரும்புக் கம்பிகளை அடித்து வைத்தார்.

ஐப்பசி வந்தது. மழை பெய்தது. மலை அசையவில்லை.

கார்த்திகையிலும் பெய்தது. மலை அப்படியே நின்றது. மூக்கம்மா போன் செய்தாள்.

“மண்டபத்துல திரை கட்டிக் குடித்தனம் பண்றோம் சார். மலை கல்லு மாதிரி நிக்குது. யாரைக் கேட்டு எங்களை எறக்குனீங்க?”

இன்னாசிமுத்து போனை வைத்துவிட்டு எழுந்தார். கோதைநாயகியைத் தேடிக்கொண்டு போனார். அவர் முதலாண்டு மாணவர்களுக்குக் கல் வகைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். வகுப்பு முடியும்வரை இவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“மேடம், ஒருவேளை நாம ரெண்டு பேருமே தப்போ?”

“இருக்கலாம். கம்பியைப் பார்த்தியா?”

“மழையில எப்படி...”

சொல்லி முடிக்கவில்லை. நிறுத்திக்கொண்டார். கோதைநாயகி சுவரில் மாட்டியிருந்த தன் குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அன்றே இன்னாசிமுத்து கிளம்பினார். மறுநாள் காலை மழையோடு மூக்கம்மாவையும் அழைத்துக்கொண்டு சரிவில் ஏறினார். நேர்கோட்டில் அடித்த கம்பிகளின் வரிசை நடுவில் கீழ்நோக்கி வளைந்து நின்றது, கையில் பிடித்த கயிறு தொய்ந்ததுபோல. மூக்கம்மா கம்பிகளைப் பார்க்கவில்லை. அவள் தன் வீட்டைத் திறந்து உள்ளே போயிருந்தாள். அடுப்பங்கரைத் தரையில் ஒரு வெடிப்பு. குனிந்து கையை விட்டாள். மணிக்கட்டு வரை போனது.

கையை எடுத்தாள். சாமி படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். கதவைச் சாத்தவில்லை.

“வாங்க சார், எறங்குவோம்,” என்றாள். வழுக்கிய இடத்தில் அவளே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் தவிட்டுப்பாறையின் மேல் பாதி இறங்கியது. இருபத்தாறு வீடுகள் போயின. ஆள் சேதம் இல்லை.

தை மாதம் புதிய வரைபடம் அச்சுக்குத் தயாரானது. இன்னாசிமுத்து அதன் மாதிரியை எடுத்துக்கொண்டு கோதைநாயகியின் வீட்டுக்குப் போனார். அவர் சாப்பாட்டு மேசையில் அதை விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு சரிவாகப் பார்த்தார். தவிட்டுப்பாறையில் விரல் நின்றது. இப்போது அது சிவப்பு.

“அழகா வந்திருக்கு,” என்றார். “மூலையில என்ன ‘திருத்திய பதிப்பு’ன்னு மட்டும் போட்டிருக்க?”

“அது போதும்னு நினைச்சேன் மேடம்.”

“யார் தப்பு, யார் திருத்தினதுன்னு பேர் போடு.”

“உங்க பேரையா? நான் எப்படி மேடம் அதை என் கையால...”

கோதைநாயகி பேனாவை எடுத்தார். தானே எழுதினார். ‘பிழை: கோதைநாயகி. திருத்தம்: இன்னாசிமுத்து.’ எழுத்துகள் வகுப்புக் கரும்பலகையில் எழுதுவதுபோல் குண்டு குண்டாக இருந்தன. எழுதி முடித்து, அதற்குக் கீழே ஒரு கோடு மட்டும் இழுத்து, அதைக் காலியாக விட்டார்.

“இந்த வரி எதுக்கு மேடம்?”

அவர் பேனாவை மூடி இன்னாசிமுத்துவின் சட்டைப் பையில் செருகினார்.

“உன் தப்பைக் கண்டுபிடிக்கிறவங்க பேரை எங்கப்பா எழுதுவாங்க?”