நாலாவது கிளாஸ்

புதுச்சேரிக்கு வெளியே பாட்டில் நிரப்பும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அமெரிக்காவிலிருந்து பெரிய பீப்பாய்களில் பர்பன் விஸ்கி அங்கே வந்து இறங்கும். அதைத் தொட்டியில் ஊற்றி, பாட்டிலில் அடைத்து, ஒரு கடைக்குழுமத்தின் பெயரை ஒட்டுவார்கள். அந்தக் கடைகளில் அது மலிவு விலையில் போகும்.

மாடியில் ருசி பார்க்கும் அறை இருந்தது. அதற்குப் பொறுப்பு குமுதவல்லி. அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு வடிசாலையில் தொழில் கற்றுத் திரும்பியவள். அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த சவரிமுத்து ஐம்பதைத் தாண்டியவர்.

அவர் குன்னூரில் தேயிலை ருசி பார்த்தவர். கம்பெனி கைமாறியபோது வெளியே அனுப்பிவிட்டார்கள். நாக்கைத் தவிர அவரிடம் வேறு முதல் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார்.

எல்லோரும் குமுதவல்லியை மேடம் என்றார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார். மனதுக்குள் குரு என்று வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குள் நுழையும்போது அவருக்குப் பயமாக இருந்தது.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். திண்டுக்கல் பக்கம் ஊர். ஒரு திருவிழாவன்று ஊர் ஆட்களோடு சேர்ந்து கள்ளச்சாராயம் குடித்துவிட்டு வந்து படுத்தார். மறுநாள் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்து உட்கார்ந்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்டா சவரி, இன்னும் விடியலையா?" என்று கேட்டார்.

பொழுது சாய்வதற்குள் இறந்துபோனார்.

முந்தின நாள் அதைக் குடித்தவர்கள் எல்லோருமே சரக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இதை அவர் குமுதவல்லியிடம் சொல்லவில்லை. ஆனால் பயம் வரும்போதெல்லாம் அவர் கைகளை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொள்வதை அவள் பார்த்திருந்தாள்.

பயிற்சி எளிமையானது. நிறம் தெரியாதபடி நீலக் கண்ணாடிக் கிளாஸ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் அளவு விஸ்கி. எது எந்தப் பாட்டில் என்று தெரியாது. முகர வேண்டும், வாயில் உருட்ட வேண்டும், துப்ப வேண்டும், சொல்ல வேண்டும்.

"என்ன தெரியுது அண்ணே?"

"சோளம். கருகின மரம். கொஞ்சம் வெல்லப்பாகு."

"இது?"

"வறுத்த கடலை. பழுத்த வாழைப்பழம்." அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். "அடியில நகப்பூச்சு மாதிரி ஒரு நெடி அடிக்குது மேடம். மட்டமான சரக்கு."

"மட்டம்னா?"

"விலை குறைஞ்சது. ஏதோ கலந்திருப்பாங்க."

குமுதவல்லி அந்தக் கிளாஸை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். ஒரு டீ வரவழைத்துக் குடித்து முடித்தாள். பிறகு கிளாஸை அவரிடம் நீட்டினாள்.

"இப்போ?"

நெடி போய்விட்டிருந்தது. வாழைப்பழம் மட்டும் இருந்தது.

"இளசு அண்ணே. மரத்துல அதிக காலம் கிடக்கல. அதனாலதான் விலை கம்மி. இளசா இருக்கறது குத்தமில்ல."

"அப்போ குத்தம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"போற வாசனையைப் போக விடுங்க. அப்புறம் என்ன நிக்குதுன்னு பாருங்க."

அவர் தலையாட்டினார். ஆனாலும் அந்த நெடியைக் கண்டால் அவருக்கு வெயிலில் உட்கார்ந்திருந்த அண்ணனின் முகம்தான் தெரிந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது அது நடந்தது. கடைப் பெயர் ஒட்டப்போகும் சரக்கை முகர்ந்தவர் சட்டென்று பின்வாங்கினார். "இதுல விஷம் இருக்கு" என்றார். லாரிகளை நிறுத்தினார்கள். வெளியூர் ஆய்வகத்துக்கு மாதிரி போனது. ஒரு குறையும் இல்லை என்று பதில் வந்தது.

முதலாளி தணிகாசலம் நேரில் வந்தார். எல்லோர் முன்னாலும் சவரிமுத்துவைப் பார்த்துக் கேட்டார்.

"உமக்கு நாக்கு வேலை செய்யுதா, இல்ல கற்பனை வேலை செய்யுதா?"

யாரோ சிரித்தார்கள். குமுதவல்லி சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவருக்குப் பயம் இரண்டாகிவிட்டது. கிளாஸில் இருப்பதைப் பற்றி ஒன்று. தன் வாயிலிருந்து வருவதைப் பற்றி இன்னொன்று.

தீபாவளி நெருங்கிய ஒரு காலையில் தணிகாசலம் மறுபடி வந்தார். கூடவே தொழிற்சாலை மேனேஜர் இளங்கண்ணன். மேஜையில் ருசி பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆறு நீலக் கிளாஸ்கள். ஐந்து, சந்தையில் கிடைக்கும் மலிவான பர்பன்கள். ஒன்று, புதிதாக வந்த கடைச் சரக்கு. மற்றவற்றோடு ஒப்பிட்டு அது தேறினால் அன்றே லாரி ஏறும்.

குமுதவல்லி கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கு ரெண்டு நாளா ஜலதோஷம். பூண்டை நசுக்கி மூக்குல வெச்சாலும் தெரியாது. இன்னிக்கு அண்ணன்தான் பார்க்கணும்."

சவரிமுத்து தண்ணீர் குடித்துவிட்டு முதல் கிளாஸை எடுத்தார்.

முதலாவது தேன். இரண்டாவது காரம், மிளகு. மூன்றாவது மரத்தூள் போல வறண்டிருந்தது.

நாலாவதை மூக்கருகே கொண்டுபோனார். வெனிலா வந்தது. நல்ல வெனிலா. அதன் அடியில் நகப்பூச்சு.

கிளாஸைக் கீழே வைத்தார். ஐந்தாவதையும் ஆறாவதையும் பார்த்தார். திரும்ப நாலாவதுக்கு வந்தார். நெடி அங்கேயே இருந்தது. உள்ளங்கையால் கிளாஸைச் சூடாக்கி, காத்திருந்து, மறுபடி முகர்ந்தார். வெனிலா மெலிந்திருந்தது. நெடி மெலியவில்லை. துளி எடுத்து நாக்கில் வைத்தார். நாக்கின் ஓரம் மரத்தது. உடனே துப்பினார்.

அதற்குள் இளங்கண்ணன் தன் பங்கு கிளாஸ்களை முடித்திருந்தார். அவருக்குத் துப்பும் வழக்கம் இல்லை.

"நாலாவதுதான் சார் ஜோர். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாலதான்."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. "நாலாவது நம்ம சரக்குய்யா. நம்ம லேப்ல பார்த்தாச்சு, ஆல்கஹால் அளவும் சரியா இருக்கு." அவர் சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்றீர்?"

சவரிமுத்து கிளாஸைப் பார்த்தார். இது கிளாஸில் இருக்கிறதா, எனக்குள் இருக்கிறதா? போன முறையும் இதே போலத்தான் தோன்றியது. அப்போது ஒன்றும் இல்லை என்றுதானே வந்தது?

"உம்மைத்தான் கேக்கறேன்."

"நல்லா இருக்கு சார்" என்றார்.

சொன்ன குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"அப்போ சரி. மேடம், அனுப்பிடலாமா?"

குமுதவல்லி சவரிமுத்துவின் கைகளைப் பார்த்தாள். அவை மேஜைக்கு அடியில் இருந்தன.

நாலாவது சரக்கின் பாட்டிலை எடுத்தாள். ஒரு பெரிய கண்ணாடி டம்ளரில் பாதிக்கு ஊற்றினாள். தண்ணீர் சேர்க்கவில்லை.

"என்ன மேடம் இது, இவ்வளவு?" என்றார் இளங்கண்ணன்.

"கடையில வாங்கறவங்க துளி துளியா நாக்குல வெச்சுப் பார்க்க மாட்டாங்க" என்றாள் அவள். பிறகு சவரிமுத்துவிடம் கேட்டாள். "நல்லா இருக்குன்னுதானே அண்ணே சொன்னீங்க?"

டம்ளர் மேஜையிலிருந்து எழுந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. மூக்கு அடைத்தவர்கள் கஷாயம் குடிக்கும் முகத்தோடு டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். சவரிமுத்துவுக்கு முதலாளியின் முகம் தெரிந்தது. சிரித்தவர்களின் முகம் தெரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை. டம்ளரின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

அவர் கை நீண்டு டம்ளரின் வாயை மூடியது. விஸ்கி தளும்பி அவர் விரல்களில் வழிந்தது.

"வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"தெரியல."

"என்ன தெரியல?"

"அந்த நெடி போகல. காத்திருந்து பார்த்தேன். போகல." அவர் கையை டம்ளரிலிருந்து எடுக்கவில்லை. "பயமா இருக்கு."

தணிகாசலம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "போன தடவையும் இவருக்குப் பயம்தான் இருந்துச்சு. இவர் பயத்துக்கெல்லாம் நான் லாரியை நிறுத்திக்கிட்டு இருக்க முடியுமா?"

குமுதவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நிறுத்தித்தான் ஆகணும் சார். அவர் சரின்னு சொல்லாம நான் அனுப்ப மாட்டேன்."

"இந்தத் தடவையும் ஒண்ணுமில்லைன்னு வந்தா?"

"எனக்குப் பதிலா வேற ஆளைப் பாருங்க."

முதலாளி கதவை அறைந்துவிட்டுப் போனார். மாதிரி ஆய்வகத்துக்குப் போனது.

பதில் வரும்வரை சவரிமுத்து சரியாகச் சாப்பிடவில்லை. சரக்கு சுத்தம் என்று வந்தால் அவளுக்கு வேலை போகும். ஆகவே அது கெட்டது என்றே வர வேண்டும் என்று மாதாவிடம் வேண்டினார். அப்படி வேண்டியது பாவமோ என்று அதற்கும் பயந்தார். இளங்கண்ணன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. தலை சுற்றுகிறதாம், வாந்தியாம். நாலைந்து நாள் கழித்துத்தான் அவர் முகம் வெளுத்து வந்து சேர்ந்தார்.

அதே வாரத்தில் ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கடல் கடந்து வந்த விஸ்கியில் குறை இல்லை. குறை இங்கே. பண்டிகை அவசரத்தில் ஒரு தொட்டிக்குப் புதுப் பூச்சு அடித்திருந்தார்கள். அது காய்வதற்கு முன்பே சரக்கை ஊற்றிவிட்டார்கள். பூச்சின் கரைப்பான் விஸ்கியில் இறங்கிவிட்டது. ஒரு பாட்டில் முழுதாகக் குடித்தவன் பிழைப்பது சந்தேகம் என்றார்கள்.

தணிகாசலம் மாடிக்கு வரவில்லை. தொட்டியைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அன்று மத்தியானம் குமுதவல்லி கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜலதோஷம் விட்டிருந்தது. சவரிமுத்து ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்துக் கவிழ்த்தார்.

"மேடம்."

"ம்."

"அன்னிக்கு உங்களுக்கு நிஜமாவே மூக்கு அடைச்சிருந்துதா?"

"அடைச்சிருந்துது."

"அப்போ டம்ளர்ல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

அவர் கையிலிருந்த துணி நின்றது.

"நான் கையை நீட்டலைன்னா?"

"குடிச்சிருப்பேன்."

"ஏன் மேடம்?"

குமுதவல்லி குழாயை மூடினாள்.

"நல்லா இருக்குன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க."