இரண்டாவது அழைப்பு

டாக்டர் தேவசகாயத்தின் குரலைக் கேட்டாலே பரமானந்தத்துக்குப் பயம். இத்தனைக்கும் பரமானந்தம் சின்ன வயதுக்காரர் இல்லை. வருடக்கணக்காக ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு, நாற்பதைத் தாண்டியபின் நர்சிங் படித்து வார்டுக்கு வந்தவர். அவருக்கு வேலை பழக்கியது ரஹீமா சிஸ்டர். வயதில் அவரைவிட இளையவர்.

அன்று மத்தியானம் ஆறாம் படுக்கையில் குப்புராஜ் இருந்தார். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் ஒன்று கணையத்தின் வாயை அடைத்து, கணையம் வீங்கிப் போயிருந்தது. காலையில் மனைவியிடம் கேலி பேசிக்கொண்டிருந்த மனிதர், இப்போது முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து கிடந்தார்.

"முதுகு வரைக்கும் பிளந்துக்கிட்டுப் போகுதண்ணே."

பரமானந்தம் சட்டையை விலக்கிப் பார்த்தார். தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. தோல் ஜில்லென்று வேர்த்திருந்தது. பிரஷர் இறங்கியிருந்தது.

வார்டு செல்போனை எடுத்தார்.

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். ஆறாம் பெட்டு... கொஞ்சம் வலிங்கிறார் சார்."

"வலிக்கு ஊசி எழுதியிருக்கேன்ல? போடுங்க. ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கேன்."

"சரிங்க சார்."

போனை வைத்ததும் அவருக்கு மூச்சு வந்தது. திட்டு விழவில்லை.

அதற்குள் ரஹீமா சிஸ்டர் வந்துவிட்டார். குப்புராஜைப் பார்த்தவர் உடனே ஆக்சிஜனை மாட்டினார். சலைனை வேகமாகத் திறந்துவிட்டார். இன்னொரு கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடினார். நரம்பெல்லாம் உள்வாங்கிவிட்டது.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா அண்ணே?"

"சொல்லிட்டேன் சிஸ்டர்."

"என்னன்னு?"

"கொஞ்சம் வலின்னு..."

கால்மாட்டில் நின்ற குப்புராஜின் மனைவி பரமானந்தத்தையே பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு கையும் இங்க இருக்கு. நீங்களே மறுபடி கூப்பிடுங்க" என்றார் சிஸ்டர்.

"கத்துவார் சிஸ்டர்."

"ஒரு கையால இவர் நாடியைப் பிடிங்க. இன்னொரு கையால போனைப் பிடிங்க. நாடியை மட்டும் விட்டுடாதீங்க."

பரமானந்தம் பிடித்தார். நூல் மாதிரி ஓடியது நாடி. சட்டென்று காணாமல் போனது. விரலை நகர்த்தினார். மறுபடி அகப்பட்டது.

"சார், ஆறாம் பெட்டு குப்புராஜ். கணைய வீக்கம். பிரஷர் எண்பதுக்கு இறங்கிடுச்சு. நாடி நூத்தி நாப்பது. தொப்புளைச் சுத்தி நீலமாயிடுச்சு. மூத்திரம் சரியாப் போகல."

மறுமுனை ஏதோ சொன்னது. விரலுக்கடியில் நாடி மீண்டும் நழுவியது.

"சார், ஊசி பத்தாது. இப்பவே யாராவது வரணும். இவர் கை நழுவிப் போறார் சார். எனக்குப் பயமா இருக்கு."

தியேட்டர் உடையோடு ஓடிவந்தார் டாக்டர் தேவசகாயம். வந்தவர் குப்புராஜைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. படுக்கையோடு சேர்த்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு வந்த நாட்களில் பரமானந்தத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போகும்போதும் வரும்போதும் அந்தப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குப்புராஜின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். ஒருநாள் குப்புராஜ் கண் விழித்து, நாக்கு வறண்ட குரலில் மனைவியிடம் காப்பி கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றுதான் பரமானந்தம் கேட்டார்.

"எனக்கு இந்த டாக்டர் பயம் எப்ப சிஸ்டர் போகும்?"

ரஹீமா சிஸ்டர் கையுறையைக் கழற்றினார்.

"ரெண்டாவது தடவை கூப்பிட்டப்போ என்ன சொல்லித் திட்டினார்?"

பரமானந்தம் யோசித்தார். ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

"திட்டினாரா சிஸ்டர்?"

"பக்கத்து பெட்டுக்காரர் வரைக்கும் கேட்டுச்சுண்ணே."