வடிவுடையாள் சுட்ட அதிரசம்

கப்பல்கள் காற்றை மட்டும் நம்பி ஓடிய காலத்துக் கதை இது, கேளுங்கள். கடலோரப் பட்டினம் ஒன்றில் வடிவுடையாள் என்று ஒருத்தி இருந்தாள். மிளகு வணிகரின் மனைவி. வீட்டில் பொன்னுக்குக் குறைவில்லை. அவள் அபிப்பிராயங்களுக்கு அதைவிடக் குறைவில்லை.

ஒரே மகன் மருதப்பன். அவனுக்குப் பெண் தேட அவள் வைத்திருந்தது ஒரே சோதனை. பெண் தன் கையால் அதிரசம் சுட்டுத் தர வேண்டும். குணம், குடும்பம் எல்லாம் அதற்குப் பிறகு. அந்தப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளாக வரவில்லை. மகனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. தாய்க்குப் பற்கள் இன்னும் உறுதியாக இருந்ததால் தேடல் தொடர்ந்தது.

அந்த ஆண்டு மகனையும் அழைத்துக்கொண்டு மூன்று வீடுகளுக்குப் போனாள். முதல் வீட்டில் ஏழு அதிரசம் தின்றாள். அவற்றின் நிறம் சற்றுக் கருப்பு என்று எழுந்துவிட்டாள். இரண்டாவது வீட்டில் ஒன்பது. ஏலக்காய் மணம் போதவில்லை என்றாள். போதாத மணத்தை வழியிலும் ஆராய்வதற்காக நாலைந்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் அழுதது காதில் விழுந்தது. அதையும் ஒரு குறையாகச் சேர்த்துக்கொண்டாள்.

மூன்றாவது, பாய்மரத் துணி விற்பவரின் வீடு. பெண்ணின் பெயர் செங்கமலம். இடித்துச் சலித்த ஈர மாவு, வெல்லம், நெய் எல்லாவற்றையும் அடுப்படியில் எடுத்து வைத்துவிட்டு, வடிவுடையாள் முன் வந்து வணங்கினாள்.

"அம்மா, உங்கள் வீட்டுப் பக்குவம் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு ஈடு நீங்கள் சுட்டுக் காட்டுங்கள். ஆயுள் முழுக்க அப்படியே சுடுகிறேன்."

கூடியிருந்த பெண்கள் வழிவிட்டார்கள். வடிவுடையாள் அடுப்பைப் பார்த்தாள். பிறந்த வீட்டிலும் சமையல்காரர், புகுந்த வீட்டிலும் சமையல்காரர். அவள் கரண்டி பிடித்ததெல்லாம் அவர்களை மிரட்டத்தான். ஆனால் 'தெரியாது' என்ற சொல்லை இந்த வயதில் எப்படிப் பழகுவது? முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெல்லம் கரைந்தது. கரைந்ததுமே பாகு என்று நினைத்தாள். மாவில் ஊற்றினாள், கூழானது. தட்ட வராததை அள்ளி நெய்யில் விட்டாள். அது நுரைத்தது, பிரிந்தது, காணாமல் போனது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சட்டியில் நெய் இருந்தது; அதிரசம் இல்லை.

அடுப்புச் சரியில்லை என்றாள். நெய் சரியில்லை என்றாள். வெல்லம் எந்த ஊர் என்று கேட்டாள். கண் கலங்கியது. புகை என்றாள்.

கூடத்திலிருந்து மருதப்பன் எழுந்து வந்தான். தாயைச் சற்று நகரச் சொல்லி, புதிதாகப் பாகு வைத்தான். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து இறக்கி, மீதி மாவைக் கலந்தான். மாவு ஒரு நாள் ஊறினால் இன்னும் மிருதுவாக வரும் என்று செங்கமலத்திடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னான். தட்டினான், சுட்டான், கரண்டியால் அழுத்தி நெய்யை வடித்தான்.

எங்கே கற்றாய் என்று தாய் கேட்டாள்.

"பெண் பார்க்கப் போன வீடுகளில்தான், அம்மா. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வேறு வேலையில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டில் நீங்கள் தூங்கும்போது செய்து பார்த்தேன்."

செங்கமலம் ஒன்றை விண்டு தின்றாள். பிறகு தன் தாயிடம் திரும்பி, தனக்குச் சம்மதம் என்றாள்.

வடிவுடையாள் கையிலும் ஒன்று இருந்தது. ஓரம் சற்றுத் தடிப்பு. பழகிய கண்ணல்லவா, பட்டுவிட்டது. சொல்ல வாய் திறந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். திறந்த வாயில் அதிரசத்தைப் போட்டு மூடிக்கொண்டாள். அவள் வாழ்நாளில் செய்த நற்செயல்களில் அதுவே முதலாவது என்பது ஊரார் கருத்து.

தை மாதம் திருமணம். விருந்துக்கு அதிரசம் சுட்டது மாப்பிள்ளை.

ஆகவே, தன் கையால் ஒருமுறையேனும் செய்து பார்க்காத வேலையில் பிறரைக் குறை சொல்லக் கூடாது.